மாதவிலக்கு நின்ற பின்னும் சுரக்கும் ஹார்மோன்: நம் அடுப்படி எண்ணெய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு?



இந்த இதழின் சுகாதாரப் பாடம், நம் வீடுகளில் நாற்பத்தைந்து, ஐம்பதைக் கடந்த பெண்களைப் பற்றியது. பெண்கள் விஷயம்தானே என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மளிகைக் கடையில் எண்ணெய் கேன் தூக்கி வருபவர் நீங்கள். தாயையும் மனைவியையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியவரும் நீங்கள்தான்.

பேசப்போவது இரண்டே விஷயங்கள். நாம் சாப்பிடும் கொழுப்பு, மாதவிலக்கு நின்றுபோன பெண்ணின் உடலில் உள்ள ஹார்மோனை எப்படிக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது ஒன்று. அதை அறிந்தபின் நம் வீட்டில் எதை மாற்ற வேண்டும், எதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று.

நின்றது எது, நிற்காதது எது?

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிலக்கு வராமல் இருந்தால் அது முழுமையாக நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46 வயதை ஒட்டி இது நிகழ்கிறது. மேலை நாட்டுப் பெண்களுக்கு ஐம்பது, ஐம்பத்தொன்று ஆகிறது. ஆக நம் பெண்கள் இந்த நிலையில் வாழும் ஆண்டுகள் அதிகம். எழுபத்தைந்து வயது வரை வாழும் ஒருவர் தம் ஆயுளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை இதற்குப் பிறகுதான் கழிக்கிறார்.

அதுவரை பெண்ணுக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பெரும்பாலும் சினைப்பைகள் சுரந்தன. இப்போது அவை ஓய்ந்துவிடுகின்றன. “ஹைள் நின்றுவிட்டது, இனி ஹார்மோனும் இல்லை” என்று நம் வீடுகளில் சொல்வது பாதி உண்மைதான். சினைப்பை ஓய்ந்தாலும் உடலில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு இல்லாமல் போவதில்லை. அது உற்பத்தியாகும் இடம்தான் மாறுகிறது.

புதிய இடம் எது? நம் உடலில் உள்ள கொழுப்புதான். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஒரு மூலப்பொருளை இரத்தத்தில் விடுகின்றன. கொழுப்புத் திசுக்களில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த நொதி அந்த மூலப்பொருளை எஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி, இன்னும் வீரியமான எஸ்ட்ராடையால் ஆகிறது. அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த பென்டி சீட்டெரி, பால் மெக்டொனால்ட் ஆகிய ஆய்வாளர்கள் 1970களில் இதைத் தெளிவாக்கினார்கள்.

எளிதாகச் சொன்னால், வயிற்றிலும் இடுப்பிலும் சேர்ந்திருக்கும் கொழுப்பு வெறும் சேமிப்பு மூட்டை அல்ல, ஹார்மோன் தயாரிக்கும் பட்டறை. பட்டறை பெரிதானால் உற்பத்தியும் பெருகும்.

இதோடு இன்னொரு கணக்கும் உண்டு. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம், இரத்தத்தில் ஓடும் ஹார்மோனைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. கட்டுண்ட ஹார்மோனால் திசுக்களில் வேலை செய்ய முடியாது. வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் கூடும். இன்சுலின் கூடினால் இந்தப் புரதம் குறையும். அப்போது கட்டில்லாமல் திரியும் ஹார்மோன் அதிகமாகும். சர்க்கரை நோய் இல்லாத வீடே அரிதாகிவிட்ட நம் பகுதியில் இதை நினைவில் வைப்பது நல்லது.

அதிகமானால் நல்லதுதானே?

“ஹார்மோன் குறைந்ததால்தான் உடம்பு காந்துகிறது, எலும்பு தேய்கிறது என்கிறார்கள், அப்படியானால் கொழுப்பிலிருந்து கொஞ்சம் கிடைத்தால் லாபம்தானே?” என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஈஸ்ட்ரோஜனின் வேலைகளில் ஒன்று திசுக்களை வளரச் சொல்வது. மாதவிலக்கு இருந்த காலத்தில் கர்ப்பப்பையின் உள்படலத்தை அது வளர்த்தது. பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோன் வந்து அந்த வளர்ச்சியை நிறுத்தியது. படலம் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறியது. மாதவிலக்கு நின்றபின் அப்படி நிறுத்தும் ஹார்மோன் இல்லை. ஆனால் கொழுப்பிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் “வளர், வளர்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கர்ப்பப்பை உள்படலத்தில் புற்று தோன்றும் முக்கிய வழிகளில் இது ஒன்று.

மார்பகத்துக்கும் இது பொருந்தும். ஒன்பது தொடர் ஆய்வுகளின் விவரங்களைத் திரட்டி 2002-ல் ஒரு கூட்டறிக்கை வெளியானது. மாதவிலக்கு நின்ற பெண்களில், இரத்தத்தில் எஸ்ட்ராடையால் மிக அதிகமாக இருந்த பிரிவினருக்கு, மிகக் குறைவாக இருந்த பிரிவினரைவிட மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அது காட்டியது. பருமனான பெண்களுக்கு ஆபத்து கூடுவதற்கு இந்த ஹார்மோனே பெரும் காரணம் என்று அதே குழு அடுத்த ஆண்டு விளக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் பருமனோடு தொடர்புடையவை என்று 2016-ல் பட்டியலிட்ட 13 வகைப் புற்றுகளில் இவை இரண்டும் உள்ளன.

இது வெள்ளைக்காரர்களின் கதை என்று ஒதுக்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் நிறுவிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் 2002 முதல் 2005 வரை ஓர் ஆய்வில் இணைந்தன. மார்பகப் புற்று கண்ட 1,866 பெண்களையும் அது இல்லாத 1,873 பெண்களையும் நகரம், கிராமம் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். மாதவிலக்கு நின்றவர்களில் மிகப் பருமனானவர்களுக்கு நோய் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. இடுப்புச் சுற்றளவு 85 சென்டிமீட்டரைத் தாண்டியவர்களுக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் நம்மைப் போலச் சோறும் குழம்பும் சாப்பிட்ட பெண்கள்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதம். இன்று முப்பதுகளில் இருக்கும் பெண்கள் நாளை இந்தப் பாடத்துக்குரிய வயதை அடைவார்கள்.

எண்ணெயைக் குறைத்தால் ஹார்மோன் குறையுமா?

குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. எவ்வளவு, எதனால் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்வது முக்கியம்.

1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிலக்கு நின்ற 73 பெண்களின் உணவில் கொழுப்பை வெகுவாகக் குறைத்தார்கள். சில மாதங்களிலேயே இரத்தத்தில் எஸ்ட்ராடையால் 17 சதவீதம் குறைந்தது. 1999-ல் இதுபோன்ற 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாதவிலக்கு நின்ற பெண்களிடம் சராசரி வீழ்ச்சி 23 சதவீதமாகவும், மாதவிலக்கு உள்ளவர்களிடம் சுமார் 7 சதவீதமாகவும் இருந்தது.

ஆனால் இந்தச் சோதனைகளில் கொழுப்பைக் குறைத்த பெண்களின் எடையும் பெரும்பாலும் குறைந்தது. பலன் எண்ணெயைக் குறைத்ததாலா, எடை இறங்கியதாலா என்ற கேள்வி எழுந்தது. இதில் நல்ல வெளிச்சம் தந்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு. எடை மிகுந்த, மாதவிலக்கு நின்ற 439 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கலோரியும் கொழுப்பும் குறைந்த உணவு; ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி; ஒரு குழுவுக்கு இரண்டும்; கடைசிக் குழுவுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஓராண்டு கழித்து எஸ்ட்ராடையால் உணவுக் குழுவில் 16 சதவீதமும், உணவும் பயிற்சியும் சேர்ந்த குழுவில் 20 சதவீதமும் குறைந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 5 சதவீதம்தான். ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதம், உணவை மாற்றிய இரு குழுக்களிலும் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. எடை அதிகம் இறங்கியவருக்கு ஹார்மோனும் அதிகம் இறங்கியது.

இன்னொரு பெரிய சோதனையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 48,835 பெண்கள் பங்கெடுத்த ஆய்வு அது. கொழுப்பைக் குறைத்த குழுவில் எட்டு ஆண்டுகளில் மார்பகப் புற்று 9 சதவீதம் குறைவாக இருந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றே 2006-ல் முடிவு சொன்னார்கள். மாரடைப்பு குறையவில்லை. பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அந்தக் குழுவில் மார்பகப் புற்றால் நேர்ந்த மரணம் 21 சதவீதம் குறைந்திருந்தது.

ஆகவே, எண்ணெயைக் குறைத்தால் புற்றே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: மிகையான கொழுப்பைக் குறைத்து, அதன் மூலம் உடல் எடையையும் இறக்கினால், மாதவிலக்கு நின்ற பெண்ணின் ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்குகிறது. எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு அந்த இடத்தைச் சோறும் சீனியும் நிரப்பினால் பட்டறை சுருங்காது.

அளவு மட்டுமல்ல, வகையும் முக்கியம்

மொத்தக் கொழுப்பைக் குறைத்தும் அந்தச் சோதனையில் மாரடைப்பு குறையாதது ஒரு பாடம். இதயத்தைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைப் போலவே எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இதய நோய் வாய்ப்பு கூடுகிறது. எனவே இதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

முதலில் விலக்க வேண்டியது வனஸ்பதி. 1937-ல் டால்டா சந்தைக்கு வந்த நாள் முதல், நெய்க்கு மாற்றாக நம் விருந்துச் சமையலில் அது புகுந்துவிட்டது. எண்ணெயைக் கெட்டியாக்கும் அந்த முறையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குப் பகை. 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதி வகைகளில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. என்றாலும் அது நம் உடம்புக்குத் தேவையில்லாத பொருள். கருத்து நுரைக்கும் வரை திரும்பத் திரும்பக் காய்ச்சிய பொரிப்பு எண்ணெயையும் இதோடு சேர்த்து ஒதுக்குங்கள்.

நெய், ஆட்டுக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய், ரேஷனில் கிடைக்கும் பாமாயில் ஆகியவற்றில் நிறைகொழுப்பு அதிகம். விலை மலிவு என்பதால் பாமாயிலை விட முடியாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் அளவைக் குறைத்து, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும். ஆட்டிறைச்சி சமைக்கும்போது வெள்ளைக் கொழுப்பை அறுத்து நீக்குங்கள். வீராணத்து ஏரி மீன் கிடைக்கும் நாட்களில் பொரிப்பதற்குப் பதில் குழம்பு வையுங்கள்.

நிலக்கடலையும் முந்திரியும் நம் மாவட்டத்துச் செல்வங்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை ரகங்கள் தமிழகம் எங்கும் விளைகின்றன. இவற்றின் கொழுப்பு பெரும்பாலும் நல்ல வகை. ஆனாலும் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்புதான். ஒரு சிறு கைப்பிடி வேகவைத்த கடலை நல்லது. பேசிக்கொண்டே ஒரு தட்டு வறுத்த முந்திரியைத் தீர்ப்பது நல்லதல்ல.

வீட்டுக் கணக்கு

அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு, ஊற்றிச் சமைக்கும் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து நாளொன்றுக்கு 20 கிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதாவது சுமார் நாலரைத் தேக்கரண்டி. மாதத்துக்குத் தலைக்கு 660 மில்லி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டரை ஒட்டி வரும். உங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் ஒரு மாதம் கூடத் தாங்கவில்லையா? அப்படியானால் தலைக்கு 30 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். வெளியே சாப்பிடும் பஜ்ஜி, பரோட்டா கணக்கு தனி.

கேனிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றினால் அளவு தெரியாது. காலையிலேயே அன்றைய எண்ணெயை அளந்து ஒரு சிறு பீங்கான் ஜாடியில் எடுத்து வையுங்கள். விருத்தாசலத்துப் பீங்கான் சாமான் இல்லாத வீடா நம்முடையது? ஜாடி காலியானால் அன்றைய எண்ணெய் முடிந்தது.

விருந்துக் கணக்கையும் பார்ப்போம். பண்டாரி ஒரு கிலோ அரிசி பிரியாணிக்கு எண்ணெயும் நெய்யுமாகக் கால் லிட்டர் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை எட்டுப் பேர் சாப்பிட்டால் தலைக்குச் சுமார் 28 கிராம். கறியில் உள்ள கொழுப்பைச் சேர்க்காமலே ஒரு நாள் அளவு ஒரு வேளையில் தாண்டிவிட்டது. வலீமா விருந்து எப்போதாவது வருவது, சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். மீந்ததை இரவும் மறுநாளும் சூடாக்கிச் சாப்பிடுவதில்தான், அதுவும் வீணாக்கக் கூடாது என்று வீட்டுப் பெண்களே சாப்பிட்டுத் தீர்ப்பதில்தான் கணக்கு தப்புகிறது. மீந்ததை அன்றே அக்கம்பக்கத்தில் பகிர்ந்துவிடுங்கள்.

ரமலானிலும் இதே கதைதான். பகலெல்லாம் நோன்பிருந்தும் மாத முடிவில் பல பெண்களுக்கு எடை கூடுவதற்குக் காரணம், சமோசாவும் வடையும் பஜ்ஜியும் தினமும் வருவது. நோன்புக் கஞ்சியும் பேரீச்சையும் பழமும் இருக்கும்போது பொரித்தது வாரம் ஒரு நாள் போதாதா?

எடை குறைய நடையும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தெருவில் நடக்கச் சங்கடப்படும் சகோதரிகள் அஸருக்குப் பின் நாலைந்து பேராகச் சேர்ந்து மொட்டை மாடியிலோ, உள்தெருவிலோ அரை மணி நேரம் நடக்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் முதல் இலக்காக மூன்றரை கிலோ குறைத்தாலே நல்ல தொடக்கம். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருப்பது ஆசியப் பெண்களுக்கு நல்லது.

ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு எண்ணெயை நிறுத்திவிடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறைந்தால் எலும்பு தேயும். மெலிந்த பெண்களுக்கு அந்த ஆபத்து அதிகம். வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை உடலில் சேரவும் கொஞ்சம் கொழுப்பு தேவை. கேழ்வரகு, பால், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன், காலை வெயில் ஆகியவை எலும்புக்குத் துணை. “நெய் சாப்பிட்டால் எலும்பு வலுக்கும்” என்ற பேச்சை நம்பி நெய்யைக் கூட்ட வேண்டாம். நெய்யில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். ஹார்மோன் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடவே கூடாது.

மறைக்கக் கூடாத ஒன்று

இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பப்பை உள்படலப் புற்று கண்ட பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த இரத்தப்போக்கு அறிகுறியாக இருக்கிறது. பயப்படவும் வேண்டாம். இப்படி இரத்தம் கண்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கிறது. மற்றவர்களுக்கு எளிய காரணங்கள்தான். ஆனால் அந்த ஒருவர் யார் என்பது பரிசோதனையில்தான் தெரியும். ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிற நோய் இது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? இரத்தம் கண்டதும் தொழலாமா, நோன்பு வைக்கலாமா என்று ஆலிமிடம் ஆள் அனுப்பி மஸ்அலா கேட்கிறோம். அது சரிதான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதில் கிடைத்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக இருந்துவிடுகிறோம். இபாதத்துக்கான பதிலை ஆலிம் சொல்லிவிட்டார். உடம்புக்கான பதிலை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மஸ்அலா சொல்லும் ஆலிம் பெருமக்களும் “மருத்துவரையும் பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அது பெரிய உபகாரம்.

மார்பில் வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், தோல் சுருங்குதல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றையும் இதேபோல உடனே காட்ட வேண்டும். வலி இல்லை என்பது ஆறுதல் அல்ல.

எங்கே போவது? அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். ஆனால் இரத்தப்போக்குக்கு அது மட்டும் போதாது. ஸ்கேனும், உள்படலத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதும் தேவைப்படலாம். அதற்கு விருத்தாசலம் அரசு மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். வீட்டில் அட்டை இல்லையென்றால் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே பதிவு செய்யுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களும், துணைக்கு ஆளில்லாத சகோதரிகளும் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். உங்கள் விவரம் வெளியே போகாது.

நம் தாய்மார்கள் தம் வலியைச் சொல்லிப் பழகியவர்கள் அல்லர். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததைத் தாம் சாப்பிட்டுப் பழகியவர்கள். இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் தாயிடமோ, நன்னியிடமோ, பெரியம்மாவிடமோ வீட்டுப் பெண் ஒருவர் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: “உடம்பு எப்படி இருக்கு? எதையும் மறைக்காமச் சொல்லுங்க.” சொன்னால், அடுத்த நாள் காலையே அழைத்துக்கொண்டு போங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும், குறிப்பாக நம் இல்லத்துப் பெண்களுக்கு, நிறைவான ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்